நின்னுபோச்சு என்று சொல்லத் தெரிந்தவனுக்கு

என் தங்கத் தம்பி செல்வத்துக்கு,

உன் போன் என்னிடம்தான் இருக்கிறது. நீ போய் ஒன்பது மாதம் ஆகிவிட்டது, அதை அணைக்க எனக்கு மனசு வரவில்லை என்று அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். மனசெல்லாம் ஒன்றுமில்லை. அணைக்க முடியாது, அவ்வளவுதான். வாரத்துக்கு இரண்டு பேராவது கூப்பிடுகிறார்கள். எடுத்தவுடன் "செல்வம் சாரா?" என்கிறார்கள். "இல்ல, அவன் அக்கா அமுதா பேசுறேன்" என்று ஆரம்பித்து மீதியையும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஐயோ பாவம் என்பார்கள். பிறகு மெதுவாக, "அப்ப என் கம்ப்யூட்டரு?" என்று கேட்பார்கள். கேட்பதில் தப்பில்லை.

உனக்கு இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, ஆஸ்பத்திரியில் உன்னிடம் மறைத்தது. இன்னொன்று, போன சனிக்கிழமை பாக்கியம் டீச்சரிடம் மறைத்தது. இரண்டையும் செய்தது நான்தான். இரண்டுக்கும் பரிகாரம் இருக்கிறதா என்று கேட்டால், எனக்குத் தெரிந்து இல்லை. இருந்தாலும் யாரிடமாவது சொல்லித்தானே ஆக வேண்டும்? அதனால் உனக்கு எழுதுகிறேன், ஊர் படிக்கட்டும் என்று வெளியிலும் போடப் போகிறேன்.

ஊர் படிக்கப் போகிறது என்பதால் நீ யார் என்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. என் தம்பி செல்வம் ஆபீஸ் வேலை போக மீதி நேரமெல்லாம் ஒத்தக்கடை வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, கண் தெரியாதவர்களுக்காக ஒரு மென்பொருள் செய்தான். கம்ப்யூட்டர் திரையில் இருப்பதைத் தமிழில் வாசித்துக் காட்டும் குரல் அது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டவர்களின் பெயரைக்கூட அவன் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. "அவுக அவுக வீட்டுல என்ன செய்யிறாகன்னு எனக்கெதுக்கு?" என்பான். அந்த நல்ல குணம் இன்றைக்கு எவ்வளவு பெரிய தலைவலியாகியிருக்கிறது என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்த ஒரு வரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஞாபகம் இருக்கிறதா உனக்கு? இல்லாமலா இருக்கும், ஒரு வாரம் என்னோடு நீ பேசவில்லையே.

ஒரு மென்பொருளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது பின்னால் ஒரு ஸ்கிரிப்ட் ஓடும். பழையதை எடு, புதியதை வை, இதை அதோடு இணை என்று வரிசையாகக் கட்டளைகள். ஒரு வரி தோற்றால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் எழுதுகிறவர்தான் சொல்லி வைக்க வேண்டும். எங்கள் கம்பெனியில் நான் பதினைந்து வருடமாக இதையெல்லாம் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். அங்கே பழக்கம் என்னவென்றால், நிறுத்தக் கூடாது. நடுவில் நின்றால் வாங்கியவர் மேனேஜரைக் கூப்பிடுவார், மேனேஜர் எங்களைக் கூப்பிடுவார். அதனால் ஒவ்வொரு வரியின் வாலிலும், தோற்றாலும் தோற்காத மாதிரி அடுத்ததற்குப் போ என்று ஒரு துண்டைச் சேர்த்துவிடுவோம். கடைசியில் "வெற்றிகரமாக முடிந்தது" என்று வரும். எங்கள் ஆபீஸில் இதற்குப் பெயர் அனுபவம்.

உனக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் உன் ஸ்கிரிப்டில் நான் உதவி செய்தேன். ஏதோ ஒரு ஃபைல் சில கம்ப்யூட்டர்களில் இல்லாமல் அது நின்று நின்று போனது. எனக்கு எரிச்சல். அனுபவத்தைக் காட்டினேன். அந்த வரி பாக்கியம் டீச்சர் வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர்ந்தது.

பாக்கியம் டீச்சர் அழகர்கோவில் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் எடுப்பவர். பிறவியிலேயே பார்வை கிடையாது. நீ செய்த குரலைப் பயன்படுத்தியவர்களில் முதல் ஆள் அவர்தான், உனக்குப் பிடித்தமான ஆளும் அவர்தான். பழைய குரல் அகன்று, புதுக் குரல் ஏறாமல், வெற்றிகரமாக முடிந்தது என்று அவர் கண்ணுக்குத் தெரியாத திரையில் எழுதிவிட்டு அவர் கம்ப்யூட்டர் ஊமையாகிவிட்டது. நாலு நாள் கழித்து அவராகவே போன் செய்தார். நீ மாட்டுத்தாவணிக்குப் போய் பஸ் பிடித்து ஓடினாய். சாயங்காலம் திரும்பி வந்து, போட்ட சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாய்.

"அந்த வரிய யாரு போட்டா?"

"நாந்தான். சும்மா சும்மா நின்னுக்கிட்டே இருந்துச்சுடா."

"நிக்கட்டுமே."

"நின்னா அவுகளுக்குத்தான கஷ்டம்?"

"நின்னா எனக்கு போன் வரும்க்கா. நிக்கலன்னா? நாலு நாளா அந்தம்மா தன் மேலதான் தப்புன்னு நெனச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காங்க. ஹெட்போனக் கழத்திக் கழத்தி மாட்டிருக்காங்க. காதும் போயிருச்சோன்னு பயந்துபோயி டாக்டர்கிட்டக் காட்டிருக்காங்க, தெரியுமா ஒனக்கு?"

எனக்குத் தெரியாது. "சாப்பாடு ஆறுது" என்றேன். நீ எழுந்து மாடிக்குப் போய்விட்டாய்.

அதற்குப் பிறகு நீ எழுதியது வேறு மாதிரி ஸ்கிரிப்ட். புதுக் குரல் ஏறி, ஒரு வாக்கியம் பேசி, கேட்கிறவர் கேட்டது என்று ஒரு பட்டனைத் தட்டும் வரை பழைய குரலை எடுக்காது. நடுவில் எது தவறினாலும் எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைத்துவிட்டு நின்றுவிடும். குரல் வேலை செய்யாத நேரத்தில் நின்றுவிட்டேன் என்று யார் சொல்வது? அதற்கு நீயே பேசிப் பதிவு செய்து உள்ளே வைத்தாய். மே மாத வெயிலில் வீட்டில் இருந்த கம்பளி, மெத்தை எல்லாவற்றையும் சுற்றிலும் அடுக்கிவைத்து அதற்குள் நுழைந்துகொண்டாய். வெளியே வந்தபோது அம்மா உன்னைத் துவட்ட ஒரு துண்டும், திட்ட ஒரு பாட்டமும் தயாராக வைத்திருந்தாள்.

"அண்ணே, அக்கா, நின்னுபோச்சு. பழைய கொரலு பத்திரமா இருக்கு, பயப்படாதீக. நீங்க எதுவும் தப்பாச் செய்யல. இந்த நம்பருக்கு ஒரு போன் போடுங்க, நான் பாத்துக்கிறேன்." அதற்குப் பிறகு உன் நம்பர், ஒவ்வொரு எண்ணாக, இரண்டு தடவை. இரண்டாவது தடவையின் நடுவில் மேலூர் பஸ் ஒன்றின் ஹாரன் இருக்கும். அத்தனை கம்பளியையும் தாண்டி வந்துவிட்டது. எடுத்துவிடச் சொன்னேன், நீ கேட்கவில்லை. பேச்சுத் தமிழில் இப்படியெல்லாம் வைக்கலாமா, தரமாக இல்லையே என்று ஒருவர் உனக்கு நீளமாகக் கடிதம் எழுதினார். "கால் தடுக்குனா செந்தமிழ்லயா கத்துவோம்?" என்று ஒரே வரியில் பதில் போட்டாய்.

இனி ஆஸ்பத்திரி. இதைத் தள்ளித் தள்ளிப் போட்டுத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

நம் வீட்டில் நோயாளியிடம் நோயைச் சொல்கிற வழக்கமே கிடையாது. தாத்தாவுக்குச் சொல்லவில்லை. பெரியப்பாவுக்குச் சொல்லவில்லை, அவர் கடைசி வாரத்தில்கூட அடுத்த வருடம் எந்த வயலைக் குத்தகைக்கு எடுப்பது என்று பேசிக்கொண்டிருந்தார், நாங்களும் கூடச் சேர்ந்து பேசினோம். அதைப் பாசம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். உன் ரிப்போர்ட் வந்த அன்று டாக்டர் அப்பாவையும் என்னையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வெளியே வந்ததும் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழவில்லை. "அவன்கிட்ட சொல்லிராதத்தா. தெரிஞ்சா ஒடஞ்சு போயிருவான்" என்றார். நான் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தேன்.

"ரிப்போர்ட் வந்துருச்சாக்கா?"

"வந்துருச்சு. இன்பெக்‌ஷன்தானாம். பத்து நாள்ல வீட்டுக்குப் போயிரலாம்னு சொல்லிட்டாரு."

நீ என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். "சரிக்கா" என்றாய்.

பிறகு, "வீட்டுக்குப் போனதும் ஒனக்கு ஒண்ணு சொல்லிக் குடுக்கணும். எழுதி வைக்கக் கூடாது, வாயாலதான் சொல்லணும்" என்றாய்.

"இப்ப எதுக்குடா அதெல்லாம்? மொதல்ல ஒடம்பப் பாரு. வீட்டுல வந்து நிதானமாச் சொல்லு."

நீ கண்ணை மூடிக்கொண்டாய். ஐந்தாம் நாள் உன் வாயில் குழாய் வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நீ ஒன்றும் சொல்லவில்லை, உன்னால் முடியவில்லை. கையை அசைத்து என்னவோ கேட்டாய், நான் தண்ணீர் என்று நினைத்து நர்ஸைக் கூப்பிட்டேன். அது தண்ணீர்தானா? என் முகத்தைப் பார்த்தபோதே உனக்குத் தெரிந்துவிட்டதா? தெரிந்துதான் எனக்காகச் சரி என்றாயா?

நீ சொல்ல வந்தது என்ன என்று கருமாதி முடிந்து உன் லேப்டாப்பைத் திறந்தபோதுதான் புரிந்தது. நீ அனுப்புகிற ஒவ்வொரு புதுப் பதிப்பிலும் ஒரு முத்திரை இருக்கும். அது உன்னிடமிருந்துதான் வந்தது என்று அத்தனை பேருடைய கம்ப்யூட்டரும் அந்த முத்திரையைப் பார்த்துத்தான் நம்பும். முத்திரை லேப்டாப்பில் இருக்கிறது. அதைத் திறக்கும் சொல் உன் தலைக்குள் இருந்தது. அது தத்தனேரி சுடுகாட்டோடு போய்விட்டது.

நான் போட்டுப் பார்க்காததா? அம்மா பெயர், அப்பா பெயர், உன் வண்டி நம்பர், நீ காதலித்ததாக நான் சந்தேகப்பட்ட பெண்ணின் பெயர். அப்படிப்பட்ட சொற்களை வைப்பவர்களைப் பார்த்துச் சிரிப்பவன் நீ என்று தெரிந்தும் போட்டேன். உன் ஆபீஸ் சிநேகிதர் ஒருவர் வந்து இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தார். கடைசியில் மூடிவைத்துவிட்டு, "தெறக்க முடியாதுக்கா. செல்வம் எதையும் அரைகொறையாச் செய்யிற ஆளில்ல" என்றார். எனக்கு உன் மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு தடவையாவது அரைகுறையாகச் செய்திருக்கலாமே நீ.

இந்த ஐப்பசியில் கம்ப்யூட்டர்களின் அடிப்படை சிஸ்டத்துக்குப் புதுப் பதிப்பு வந்தது. பழைய குரல் அதில் ஓடாது. உன் ஸ்கிரிப்ட் அதைக் கண்டுபிடித்து, மாற்றுக் குரல் வராமல் பழையதை எடுக்க விட மாட்டேன் என்று அங்கங்கே நிறுத்திவிட்டது. நிறுத்திவிட்டு, நீ பதிவு செய்து வைத்த பேச்சைப் பேசியது. பழைய குரல் பத்திரம்தான், ஆனால் புதுப்பிப்பு பாதியில் நிற்கும் வரை கம்ப்யூட்டரில் வேறு வேலை செய்ய முடியாது. அப்போது ஆரம்பித்த போன்கள்தான் இவை. நான் பாத்துக்கிறேன் என்று நீ சொல்கிறாய், நம்பினவர்கள் கூப்பிடுகிறார்கள், நான் எடுக்கிறேன்.

புதிதாக ஒரு முத்திரை செய்து என் பெயரில் அனுப்பலாம். ஆனால் ஒவ்வொருவரும் தங்கள் கம்ப்யூட்டரில் உன் முத்திரையை எடுத்துவிட்டு என்னுடையதை ஏற்க வேண்டும். யார் சொன்னாலும் அதை மட்டும் செய்யாதீர்கள் என்று நீதானே அவர்களுக்குப் படித்துப் படித்துச் சொல்லி வைத்திருக்கிறாய்? உசிலம்பட்டியிலிருந்து ஒரு பெரியவர் முக்கால் மணி நேரம் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "எல்லாஞ் சரித்தா. ஆனா நீ யாருன்னே எனக்குத் தெரியாதே. செல்வம் சொல்லட்டும், மாத்திக்கிறேன்" என்று வைத்துவிட்டார். அவர் செய்தது சரி. சோதனை செய்யும் வேலையில் இருப்பவள் நான், அவருக்கு முழு மார்க் கொடுப்பேன்.

அவராவது கூப்பிட்டார். கூப்பிடாதவர்களை நான் எங்கே போய்த் தேடுவது? பெயர் இல்லை, ஊர் இல்லை. உன் நம்பரைக் குறித்துக்கொள்ள முடியாமல் போனவர்கள் இருப்பார்கள். கூப்பிட்டு, நான் மீட்டிங்கில் இருந்ததால் எடுக்காமல், மறுபடி கூப்பிடக் கூச்சப்பட்டவர்கள் இருப்பார்கள். இனி இதற்கு ஆள் இல்லை என்று அவர்களுக்கு ஒரு செய்தி அனுப்புவதற்கும் உன் முத்திரைதான் வேண்டும்.

இப்போது பாக்கியம் டீச்சருக்கு வருகிறேன்.

போன வியாழக்கிழமை அவர் கூப்பிட்டார். உன் கருமாதிக்கு வந்தவர், அவருக்கு விளக்கம் எதுவும் தேவையில்லை. "அமுதா, ஒந் தம்பி நிப்பாட்டிட்டாரு" என்றார். "ரொம்ப நாள் கழிச்சு அவரு கொரலு. கொஞ்ச நேரம் அப்பிடியே ஒக்காந்துட்டேன். சரி, என்ன செய்யணும் சொல்லு. திங்கக்கெழம அரையாண்டுக் கொஸ்டின் பேப்பர் குடுக்கணும்."

எனக்கு இன்னொரு காதில் ஆபீஸ் மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தது. நீ எழுதிய காவலை மதிக்காமல் தாண்டிப் போக ஒரு வழி உண்டு, கட்டளையின் கடைசியில் ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். தாண்டிவிட்டு, பிறகு வேறு ஏதாவது குரலை ஏற்றிக்கொள்ளலாம் என்று ஒரு நினைப்பு. அந்தச் சொல்லை எழுத்து எழுத்தாக அவருக்குச் சொன்னேன். அவர் தட்டினார். ஹலோ, ஹலோ என்றார். "அமுதா, பேச மாட்டேங்குதே" என்றார். அவர் கம்ப்யூட்டரோடு, நீ பேசிப் பதிந்து வைத்ததையும் சேர்த்து வாயை அடைத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் அழகர்கோவில் பஸ்ஸில் ஏறினேன். என்ன செய்வது என்று முடிவு செய்திருந்தேன். அவருடைய கோப்புகளைப் பிரதி எடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டரைச் சுத்தமாக அழித்து, பழைய சிஸ்டத்தையும் உன் பழைய குரலையும் கையால் ஏற்றிவிடுவது. போகிற வழியில் லேப்டாப்பை மடியில் வைத்து அதற்கு ஒரு சின்ன ஸ்கிரிப்டும் எழுதிவிட்டேன். பிரதி எடு. அழி. ஏற்று. முடிந்தது என்று சொல். நாலே படி. எடுத்த பிரதி முழுதாக இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் நில் என்று முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஒரு வரி வேண்டும். நான் எழுதவில்லை. பஸ் குலுங்கியது, என்னால் எழுத முடியவில்லை என்று சொல்லலாம். பொய். எனக்கு அது தோன்றவே இல்லை. பதினைந்து வருடப் பழக்கம்.

டீச்சர் பணியாரம் சுட்டு வைத்திருந்தார். ஸ்கிரிப்டை ஓட விட்டுவிட்டு நான் சாப்பிட்டுக்கொண்டும் உன்னைப் பற்றிப் பேசிக்கொண்டும் இருந்தேன். திரையில் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. அதில் ஒன்று, நான் கொண்டுபோன பென்டிரைவில் இடம் போதவில்லை என்று சொல்லியிருக்கிறது. பிறகு தேடிப் பார்த்தேன், தெளிவாகத்தான் சொல்லியிருக்கிறது. அந்த அறையில் கண் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான், செல்வம். நான் பணியாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் பழைய குரல் பேச ஆரம்பித்ததும் டீச்சர் சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தட்டினார். உடனே அவருடைய பாடக் குறிப்புகள் இருக்கும் இடத்துக்குப் போனார். பன்னிரண்டு வருடக் குறிப்புகள். பாடப் புத்தகம் மாறும்போதெல்லாம் யாரையாவது கெஞ்சி வாசிக்கச் சொல்லி, கேட்டுக் கேட்டு அவரே தட்டி வைத்தவை. காலி என்றது குரல். பட்டனை மறுபடி அழுத்தினார். காலி என்றது.

"என்ன அமுதா, காலிங்குது?"

நான் பென்டிரைவைப் பார்த்தேன். ஏதோ பழைய சுற்றறிக்கைகளும், பாட்டுகளும் மட்டும் வந்திருந்தன. மற்றது அழிந்துவிட்டது. அழித்த இடத்தின் மேலேயே புதிதாக எழுதியும் ஆகிவிட்டது, மீட்க வழியில்லை. பென்டிரைவைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

"டிஸ்க்கு ரொம்பப் பழசு டீச்சர். தானா போயிருச்சுபோல" என்றேன்.

அவர் கீபோர்டிலிருந்து விரல்களை எடுத்தார். என்னைச் சமாதானம் செய்தார், செல்வம். என்னை!

"நீ என்ன செய்வ? நாந்தான் அப்பப்பக் காப்பி எடுத்து வச்சிருக்கணும். என் தப்புதான்" என்றார். "விடு. எங்களக் கூட்டிட்டுப் போறவுக எல்லாரும் நல்லாத்தான் இருக்கு, நேரா வாங்கன்னுதான் சொல்லுவாக. பள்ளம் இருந்தாலும் சொல்ல மாட்டாக, நாங்க பயந்துருவோமாம். ஒந் தம்பி ஒருத்தருதான் நிப்பாட்டி, இங்க பள்ளம் இருக்குன்னு சொன்னாரு. நீயும் அவரு கூடப் பொறந்தவதான? டிஸ்க்கு போச்சுன்னு மறைக்காம ஒடனே சொல்லிட்டியே."

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். அவர் இரண்டு பணியாரத்தைக் காகிதத்தில் சுற்றி அம்மாவுக்கு என்று கொடுத்தார். வாங்கிக்கொண்டு, "போயிட்டு வாரேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மாட்டுத்தாவணியில் இறங்கி ஒத்தக்கடை பஸ்ஸுக்கு நிற்கும்போது திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். அம்மா பணியாரம் நன்றாக இருக்கிறது என்றாள்.

நீ செய்த குரல் டீச்சர் வீட்டில் இப்போது பேசுகிறது. ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் இனி எதையும் புதுப்பிக்கக் கூடாது, எதையும் சேர்க்கக் கூடாது. எத்தனை நாள் ஓடுமோ அத்தனை நாள். திங்கட்கிழமை வினாத்தாளைப் பக்கத்து வகுப்பு டீச்சரிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தாராம். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை. அதையும் அவர் சிரித்துக்கொண்டேதான் போனில் சொன்னார், எனக்குக் கஷ்டமாக இருக்கக் கூடாது என்று.

இதற்கு ஒரு நல்ல முடிவு வைத்து எழுத எனக்கும் ஆசைதான். முத்திரை திறக்கவில்லை. அதற்கும் ஓர் ஆயுள் உண்டு, வருடா வருடம் நீ நீட்டித்து வைப்பாய், வரும் தை மாதத்தோடு அது முடிகிறது. அதற்குப் பிறகு புதிதாக யார் எடுக்கப் போனாலும் அவர்கள் கம்ப்யூட்டர் நம்பிக்கையில்லை என்று சொல்லிவிடும். மிச்சம் இருப்பவர்களுடையதும் ஒவ்வொன்றாக நிற்கும். உன் வேலையைத் தொடர்ந்து செய்ய எனக்குத் திறமை இல்லை, தம்பி. முயன்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது செல்வம் செய்த குரலை வைத்திருக்கிற ஒருவரைத் தெரிந்திருந்தால் அவரிடம் சொல்லுங்கள். அது நின்றால் நிற்கட்டும், தாண்டிப் போகாதீர்கள். செல்வம் இறந்துவிட்டான். அவன் சொன்ன நம்பர் வேலை செய்கிறது, அவன் அக்கா எடுப்பாள். சரிசெய்து தருவாள் என்று நினைத்துக் கூப்பிட வேண்டாம், அவளால் முடியாது. உங்கள் கோப்புகளை எப்படிப் பத்திரமாக வெளியே எடுப்பது என்று மட்டும் சொல்வாள், கூடவே உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் வாசிப்பாள்.

இனி உனக்கு. செல்வம், உன் ரிப்போர்ட் வந்துவிட்டது. அது இன்பெக்‌ஷன் இல்லை. ரத்தத்தில் புற்றுநோய், ரொம்பவும் முற்றிவிட்டது. இனி மருந்துக்குக் கேட்காது, இரண்டு வாரம் இருந்தாலே அதிகம் என்று டாக்டர் சொன்னார். நீ வீட்டுக்கு வரப் போவதில்லை. உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அப்பா சொன்னார், ஆனால் அப்பா மேல் பழி போட மாட்டேன், உன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பொய் சொன்னது என் வாய். ஒருவேளை நீ உடைந்துபோயிருப்பாய். உடைந்துபோயிருந்தால் நான் உன்னோடு உட்கார்ந்திருப்பேன். இரண்டு பேரும் அழுதிருப்போம், அதற்கப்புறம் நீ என்னென்னவோ சொல்லியிருப்பாய். முத்திரையைப் பற்றி மட்டுமா சொல்லியிருப்பாய்?

நாளைக்குக் காலை முதல் பஸ்ஸில் பாக்கியம் டீச்சர் வீட்டுக்குப் போகிறேன். இந்தக் கடிதம் வெளியே வந்தால் அவர் கம்ப்யூட்டர் அதை அவருக்கு வாசித்துக் காட்டும், நீ செய்த குரல் சொல்லி அவருக்கு இது முதலில் தெரியக் கூடாது. அவர் என்னைத் திட்டலாம், கதவைச் சாத்தலாம், இனி எந்நாளும் என்னை நம்பாமல் போகலாம். அந்தக் குறிப்புகள் திரும்பி வரப் போவதில்லை. ஆனாலும் தன் மேல்தான் தப்பு என்று அவர் இன்னொரு நாள் உட்கார்ந்திருக்கக் கூடாது. இது உனக்கு நான் செய்கிற சத்தியம்: உள்ளே வா என்று அவர் சொல்வதற்கு முன்னால், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொல்லிவிடுவேன். "டீச்சர், ஒங்க டிஸ்க்குல ஒரு கோளாறும் இல்ல. ஒங்க மேல ஒரு தப்பும் இல்ல. அழிச்சது நாந்தான்."

உன்னிடம் சொல்லாமல் விட்டவள்,
உன் கூடப் பிறந்த அக்கா
அமுதா